தமிழ்ப் பக்கம் நின்றுபோன பத்திரிகை

டர்பன்,
ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை வரைக்கும் நடக்கிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல். அவள் கொடுத்தனுப்பிய வடகத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் மேல் அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நம் ஊர் மார்கழி மாதிரிதான், பயப்படும்படி ஒன்றும் இல்லை. மகளும் மருமகனும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பேத்திக்குத் தமிழ் நன்றாகப் பேச வருகிறது, படிப்பதுதான் இன்னும் எழுத்துக் கூட்டித்தான். சனிக்கிழமை கோயிலில் நடக்கிற தமிழ் வகுப்புக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து, இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு நானே அ, ஆ சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வருஷமாக வாசலில் விழுந்த பேப்பரைப் போன மாதத்தோடு நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தாய். பையன் போனில் படித்துக்கொள்ளச் சொல்கிறான், ஆனால் காலையில் காபி டம்ளரை எதன் மேல் வைப்பது என்று தெரியாமல் கை தடுமாறுகிறது என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கடைசியில், "அந்த ஊரில் நம் ஆட்கள் அத்தனை பேர் இருக்கிறார்களே, தமிழ்ப் பேப்பர் ஏதாவது வந்ததுண்டா?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைய தேதியை மேலே பார். 1903-ல் இதே ஜூன் 4 என்று தேதி போட்டுத்தான் 'இந்தியன் ஒப்பீனியன்' முதல் இதழ் இந்த டர்பனிலிருந்து வந்தது. குஜராத்தி, இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று நாலு மொழியில், ஒரே பத்திரிகை.

காந்தியின் பத்திரிகை என்று நாம் பாடத்தில் படித்ததுதான். ஆனால் நீயும் நானும் கும்பகோணத்தில் அச்சகத்தில் இருபது வருஷம் ஈய எழுத்து கோத்த ஆட்கள் இல்லையா? எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. நாலு மொழி என்றால் நாலு விதமான எழுத்துக் கேஸ், எழுத்தைப் போட்டு வைக்கிற அறை அறையான பெட்டி. நாலு விதமான கை. தமிழ் கேஸ் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தைப் பெரிசும் சின்னதுமாக வைத்துக்கொண்டால் போதும். நமக்கு கு, கூ, டி, டீ என்று ஒவ்வொன்றும் தனித்தனி அறை. யானைத் துதிக்கை மாதிரி வளைவு போட்ட பழைய லை, ணை, னை வேறு. பார்க்காமல் கை அந்தந்த அறைக்குப் போகப் பழகுவதற்கே எனக்கு ஆறு மாதம் ஆனது. உனக்கு நாலே மாதத்தில் வந்துவிட்டது, அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

அச்சகத்தின் பெயர் இன்டர்நேஷனல் பிரின்டிங் பிரஸ். 1898-ல் மதன்ஜித் வ்யவஹாரிக் என்ற குஜராத்திக்காரர் தொடங்கியது. கிரே வீதியில் இருந்தது. அந்த வீதிக்கு இப்போது டாக்டர் யூசுப் தாதூ பெயர் வைத்துவிட்டார்கள், ஆனாலும் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அது என்றைக்கும் கிரே ஸ்ட்ரீட்தான். முதல் ஆசிரியர் மன்சுக்லால் நாசர். மதன்ஜித் பிற்பாடு ஊருக்குத் திரும்பி, அப்புறம் ரங்கூன் போய் அங்கே 'யுனைடெட் பர்மா' என்ற பத்திரிகையை நடத்தினார். பத்திரிகைப் பைத்தியம் பிடித்தவருக்குக் கடல் எல்லாம் ஒரு வாய்க்கால்தான் போலிருக்கிறது. இன்னொன்று கேள். இங்கே ஜூலு மக்களின் பத்திரிகை 'இலாங்கா', ஜான் டூபே தொடங்கியது. அதுவும் அதே 1903-ல், இரண்டு மாதம் முந்தி ஏப்ரலில் வந்தது. ஆரம்பத்தில் அது அச்சானதும் இதே கிரே வீதி அச்சகத்தில்தான். இலாங்கா இன்றைக்கும் வருகிறது, மாப்பிள்ளை. கடையில் அதை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

'ஒப்பீனியன்' ஒரு நாளும் லாபத்தில் ஓடியதில்லை. ஒரு கட்டத்தில் மாதம் 75 பவுன் காந்தி தன் வக்கீல் வருமானத்திலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து 75 பவுன். கணக்கைச் சரிபார்க்கலாம் என்று 1904-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ரயிலேறியவர், வழியில் ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு, அச்சகத்தையே பட்டணத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஒரு பண்ணையில் வைப்பது என்று முடிவுக்கு வந்துவிட்டார். அதுதான் ஃபீனிக்ஸ். டர்பனிலிருந்து 14 மைல். ஒரு ஊற்று, சில ஆரஞ்சு மரம், மாமரம், பாம்பு. நூறு ஏக்கர் நிலம் 1000 பவுன். எல்லாருக்கும் ஒரே சம்பளம், மாதம் 3 பவுன், ஆசிரியருக்கும் அதே, அச்சுக்கோக்கிறவனுக்கும் அதே. (நம் முதலாளி இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நீயே நினைத்துக்கொள்.) அச்சகத்தில் மிஷின் பார்த்தவர் கோவிந்தசாமி என்ற நம் ஆள். அவர் இந்தத் திட்டத்தில் சேர்ந்துகொண்டார், மற்றவர்கள் திட்டத்தில் சேராவிட்டாலும் அச்சகத்தை எங்கே கொண்டுபோனாலும் வருகிறோம் என்றார்கள் என்று காந்தியே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு கோவிந்தசாமியை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மிஷின்காரனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும், காட்டு நடுவில் மிஷினை வைத்தால் என்ன ஆகும் என்று.

ஆனதும் அதுதான். 75 அடி நீளம், 50 அடி அகலத்தில் ஒரு கொட்டகை, ஒரு மாதத்துக்குள் போட்டுவிட்டார்கள். டர்பன் வியாபாரி பார்சி ருஸ்தம்ஜி கொடுத்த பழைய தகரம் கூரைக்கு. ஃபீனிக்ஸிலிருந்து முதல் இதழ் 1904 டிசம்பர் 24 தேதியிட்டு வர வேண்டும். ராத்திரி, கோத்த பக்கங்களை மிஷினில் ஏற்றியாகிவிட்டது. எண்ணெய் எஞ்சின் கிளம்ப மாட்டேன் என்கிறது. பொறுப்பாக இருந்த ஆல்பர்ட் வெஸ்ட் கண்ணில் தண்ணீரோடு வந்து, இனி முடியாது, பத்திரிகை நேரத்துக்குப் போகாது என்கிறார். கையால் சுற்றுகிற பெரிய சக்கரம் ஒன்றை ஆபத்துக்கு என்று வைத்திருந்தார்கள். ஆனால் அதைச் சுற்ற ஒரு நேரத்துக்கு நாலு ஆள் வேண்டும், மாற்று ஆளும் வேண்டும். அச்சக ஆட்கள் எல்லாரும் களைத்துப்போய்க் கிடக்கிறார்கள். கொட்டகை போட வந்த தச்சர்கள் அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். காந்தி அவர்களை எழுப்பிக் கேட்கிறார். அவசரத்துக்கு உதவாவிட்டால் நாங்கள் எதற்கு, நீங்கள் போய்ப் படுங்கள், இது எங்களுக்குச் சுலபமான வேலை என்று சொல்லிவிட்டு அவர்கள் எழுந்துகொள்கிறார்கள். வெஸ்ட் ஒரு துதிப்பாட்டைப் பாடிக்கொண்டே வேலையை ஆரம்பிக்கிறார். காலை ஏழு மணி வரைக்கும் முறை மாற்றி முறை மாற்றிச் சுற்றியிருக்கிறார்கள். அப்புறம் எஞ்சின்காரரை எழுப்பி, இன்னொரு தரம் பாருங்கள் என்றால், அது உடனே ஓடுகிறது! எல்லாரும் சந்தோஷத்தில் கத்தியிருக்கிறார்கள். பத்திரிகை நேரத்துக்கு ரயிலேறிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு எந்த ராத்திரி ஞாபகம் வந்தது என்று உனக்குத் தெரியும். புயலில் கரண்ட் போய், விடிந்தால் கல்யாணம், நானூறு வாழ்த்துப் பத்திரம் அச்சாகாமல் கிடந்ததே, அந்த ராத்திரி. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நீ தாளைக் கொடுக்க நான் டிரெடில் அச்சு மிஷினைக் காலால் மிதித்தேன். நாலு மணிக்கு என் கால் மரத்துப்போய் நீ மிதித்தாய், நான் தாள் கொடுத்தேன். மை வாசனை, மெழுகு வாசனை, வெளியே மழை. அந்த வீட்டுக்காரர்கள் யார் என்றுகூட இன்றைக்கு நினைவில்லை. ஆனால் அந்தத் தச்சர்களின் கை எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நீ கேட்டதற்குப் பதில். 1906 ஜனவரியில் நாசர் இறந்துபோனார். பிப்ரவரியில் தமிழ்ப் பக்கமும் இந்திப் பக்கமும் நின்றுபோயின. எழுதிச் சரிபார்க்க ஆள் இல்லை, எழுத்து கோக்கத் தெரிந்தவன் இல்லை. காந்தி பின்னாளில் இதைப் பற்றி எழுதும்போது, அந்த இரண்டு பகுதிகளும் பேருக்குத்தான் இருந்தன, எதற்காக ஆரம்பித்தோமோ அது நடக்கவில்லை, தொடர்ந்து போட்டால் வாசகர்களை ஏமாற்றுவதாகும் என்று பட்டது, அதனால் நிறுத்தினேன் என்று சொல்கிறார்.

நான் இதை எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், மாப்பிள்ளை. நிறுத்தியது நேர்மை. பிழையும் பொத்தலுமாக ஒரு பக்கத்தை வாராவாரம் போட்டு, தமிழுக்கும் இடம் கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்வதை விட நிறுத்துவது மேல்தான். ஆனால் என் மனசு ஆறவில்லை. 1860 நவம்பரில் முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்துதான் வந்தது, 342 பேரோடு. அதற்குப் பிறகு 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சத்துச் சொச்சம் பேரில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். கரும்புக் காட்டில் இருந்தவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தோட்டத்தில் ஒருத்தன் படித்தால் போதுமே, சாயங்காலம் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்களே. நம் ஊர் டீக்கடையில் அப்படித்தானே பேப்பர் ஓடியது? ரெண்டே ரெண்டு தமிழ்க் கை கிடைத்திருந்தால் போதும். உன்னை மாதிரி ஒருத்தன், என்னை மாதிரி ஒருத்தன். பொறுமையாகத் தேடியிருக்கலாம், ரெண்டு பையன்களைப் பழக்கியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்ப் பத்திரிகையே இல்லாமல் போய்விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பி. எஸ். ஐயர் என்று ஒருவர். 1901-லேயே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து 'கலோனியல் இந்தியன் நியூஸ்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் நடத்தினார். அது நின்றபிறகு 1908-ல் டர்பனில் 'ஆப்ரிக்கன் கிரானிக்கிள்', அதுவும் தமிழும் ஆங்கிலமும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது, அதை எதிர்த்து விடாமல் எழுதியவர் அவர். காந்தியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை, அச்சிலேயே தாக்கி எழுதினார். ஆனால் இங்கே அவர் பெயரைக் கேட்டால் பத்துப் பேரில் ஒருத்தருக்குத் தெரிந்தால் அதிசயம். எனக்கு அது பெரிய வருத்தம்.

தமிழ்ப் பக்கம் நின்ற பிறகுதான் தமிழர்கள் அந்தப் பத்திரிகையின் செய்தியாக ஆனார்கள். டிரான்ஸ்வாலில் இந்தியர்களைப் பதிவு செய்யச் சொன்ன சட்டத்தை எதிர்த்த போராட்டத்தில் மூச்சு வாங்காமல் ஜெயிலுக்குப் போனவர்கள் தமிழர்கள். தம்பி நாயுடு, மொரீஷியஸில் பிறந்தவர், எத்தனை தரம் போனார் என்று எண்ண முடியாது. நாகப்பன், 1909 ஜூலையில், இங்கே நடுக்குளிர் அது, ஜெயிலில் பட்ட பாட்டால் இறந்தான். சின்னப் பையன். நாராயணசாமியை நாடு கடத்தி, திரும்பி வந்தவனைக் கரை இறங்க விடாமல் கப்பலிலேயே அலைக்கழித்து, 1910 அக்டோபரில் மொசாம்பிக் கரையில் இருக்கிற டெலகோவா விரிகுடாவில் உயிர் போனது. அப்புறம் 1913-ல் டிரான்ஸ்வாலிலிருந்து போன பதினோரு பெண்கள், ஏறக்குறைய எல்லாரும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்ப் பேசித்தான் அங்கே வேலை நிறுத்தம் பற்றிக்கொண்டது. உன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற தில்லையாடியின் பெண் வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22-ல் உயிர் விட்டாள், பதினாறு வயசு. இத்தனை பேர் செய்தியையும் 'ஒப்பீனியன்' அச்சடித்தது. பெரும்பாலும் குஜராத்தியில், ஆங்கிலத்தில். நாகப்பனைப் பெற்றவள் அதைக் கையில் வாங்கியிருந்தாலும் மகன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் இருக்கிறவனைத்தான் கேட்டிருக்க வேண்டும். இது எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

காந்திக்கும் அது உறுத்தியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஜெயிலில் உட்கார்ந்து தமிழ் படித்தார். 1913-14 போராட்டத்தின் சமயத்தில் தமிழ்ப் பகுதி கொஞ்ச காலம் திரும்பவும் வந்தது. அவர் ஊர் திரும்பியபின் அதுவும் நிலைக்கவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சத்தியாக்கிரகம்' என்ற சொல்லே இந்தப் பத்திரிகை வைத்த போட்டியில் பிறந்ததுதான். காந்தியின் உறவுக்காரர் மகன்லால் காந்தி 'சதாக்ரஹம்' என்று எழுதி அனுப்ப, காந்தி அதைக் கொஞ்சம் மாற்றினார். போராட்டம் உச்சத்தில் இருந்தபோது சந்தாதாரர்கள் 3500 பேர். பிற்பாடு விளம்பரமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். விளம்பரக்காரன் பின்னால் அலைவது, பாக்கி வசூலிக்கக் கெஞ்சுவது, இதிலேயே நல்ல ஆளின் நேரம் போகிறது என்று. இது நமக்குத் தெரியாததா! 1920-லிருந்து காந்தியின் மகன் மணிலால் ஆசிரியர். 1956-ல் சாகும் வரைக்கும் அவர்தான், 36 வருஷம். இனவெறி அரசாங்கத்தை எதிர்த்து ஜெயிலுக்கும் போனார். அவருக்குப் பின் மனைவி சுசீலா நடத்தினார். 1961-ல் நின்றது. ஐம்பத்தெட்டு வருஷம் ஓடியிருக்கிறது.

போன மாதம் மருமகன் என்னை ஃபீனிக்ஸுக்குக் கூட்டிப் போனான். சுற்றிலும் இப்போது நெருக்கமாகக் குடிசைகள், சின்னச் சின்ன வீடுகள். அந்தப் பகுதிக்கே பம்பாயி என்றுதான் பெயர், பம்பாயிலிருந்து வந்த பெயர். 1985 கலவரத்தில் காந்தி குடியிருந்த வீடு எரிந்துபோய், 2000-ல் திரும்பக் கட்டித் திறந்தார்கள். மேட்டில் ஏறி நின்றால் காற்று நன்றாக அடிக்கிறது. நான் அச்சகக் கட்டடத்துப் பக்கம்தான் ரொம்ப நேரம் நின்றேன். மருமகன் போட்டோ எடுக்கக் கூப்பிட்டான், எனக்குப் பேச்சு வரவில்லை.

க்வாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்து ஆவணக் காப்பகத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. அங்கேயும் ஒரு நாள் போனேன். 1904-ல் வந்த ஒரு தமிழ்ப் பக்கத்தைப் பார்த்தேன். முதலில் என் கண் செய்தியைப் படிக்கவில்லை, மாப்பிள்ளை, எழுத்து கோத்த விதத்தைத்தான் பார்த்தது. துதிக்கை லை. சுழித்த றா. ஒரு வரியில் இடைவெளி நெருக்கி, அடுத்த வரியில் தளர விட்டிருக்கிறான். அளவுக்கு எழுத்து போதவில்லை, அல்லது கை புதுசு. யாரோ ஒருத்தன், எந்த ஊர்க்காரனோ, எழுத்து கோக்கிற ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, கட்டை விரலால் எழுத்தை அணைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அந்த வரிக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து என் தீப்பெட்டியைத் தேடி எடுத்தேன். நம் அச்சகத்தை மூடியபோது எழுத்தையெல்லாம் மூட்டை மூட்டையாக நிறுத்து ஈய விலைக்குப் போட்டார்களே, நமக்கும் கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவே இல்லையே, அன்றைக்கு ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன் இல்லையா? அதில் மிச்சம் பதினோரு எழுத்துதான். பக்கத்து வீட்டு ஆயாவிடம் காட்டினேன். எண்பது வயசைத் தாண்டியவர், தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. ஒரு 'ழ'வை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். கையில் பதிந்த தடம் நேராகத் தெரிந்தது. "இதாலதான் எழுதுவாங்களா?" என்று கேட்டார். அப்புறம் அதை என்னிடம் உடனே திருப்பித் தரவில்லை, கொஞ்ச நேரம் மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்தார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தரம் எழுத்து கோத்துக் காட்டலாம் என்று இருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் அது அது பெயரைத் தன் கையாலேயே கோத்து, மை தடவி, ஒரு தாளில் அழுத்திப் பார்க்க வேண்டும். பதினோரு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பெயரும் வராது. உன் பரணில் ஒரு முழு கேஸ் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், தங்கச்சி போன வருஷமே சொல்லிவிட்டாள். முழுசும் வேண்டாம், கனம் தாங்காது. உயிரெழுத்து எல்லாம், க, ச, த, ந, ப, ம, ர, ல, ன வரிசை, புள்ளி வைத்த மெய், கால், கொம்பு, இரட்டைக்கொம்பு. துதிக்கை லை ரெண்டு இருந்தால் அவசியம் போடு, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பித்தளை ஸ்டிக் உன்னுடையது, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, நீயே முடிவு செய்.

உன் அண்ணன் பையன் ஆகஸ்டில் இந்தப் பக்கம் வருகிறான் என்று எழுதியிருந்தாயே, அவன் கையில் கொடுத்தனுப்பு. எழுத்து ஒன்றோடொன்று உரசி முகம் தேயாமல் வரிசை வரிசையாகத் துணியில் சுற்றி, நூலால் கட்டு. நீ கட்டினால் பிரியாது.

அன்புடன்,
உன் மச்சான்